காது இல்லாத குருவி

பறவைகள் நலத்துறை அலுவலகத்தின் பின்பக்க மரத்துக்கு ஆண்டுதோறும் ஒரு வண்ணப் பாட்டுக்குருவி எங்கிருந்தோ பறந்து வந்து, பத்தே நாள் தங்கிவிட்டுப் போகும். கோப்பில் படம் ஏறினால்தான் அது வந்ததாகத் துறை ஒப்புக்கொள்ளும். படத்தை எடுத்துத் தருபவரை நிரந்தரமாக்குவதென்று இயக்குநர் மனமுவந்து ஆணையிட்டார். ஆறு வருடமாகத் தற்காலிகமாகவே இருந்த புகைப்படக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மாமனார் வீட்டில் என்றைக்காவது தலைநிமிர்ந்து உட்கார வேண்டாமா?

நான்கு நாள் புதரோடு புதராகக் கிடந்தார். கொசு பிடுங்கித் தின்றது. ஐந்தாம் நாள் காலை, நீல முதுகும் செம்மஞ்சள் வயிறுமாகக் குருவி தாழ்ந்த கிளையில் வந்து உட்கார்ந்து, தொண்டை புடைக்கப் பாடியது. எடுத்த படத்தைப் பார்த்து அவருக்கே கண் கலங்கிவிட்டது.

தலைமை எழுத்தர் படத்தையும் பார்த்தார், விதிப் புத்தகத்தையும் பார்த்தார்.

“பக்கவாட்டுல இருக்கே. நேரா பாக்கணும், ரெண்டு காதும் தெரியணும்.”

“சார், அது அடையாள அட்டைக்கான விதி.”

“படத்துக்குன்னு துறையில இருக்கறது அந்த ஒரு விதிதான்.”

“குருவிக்குக் காது வெளிய தெரியாது சார்.”

“அது குருவியோட குறை. விதி என்ன பண்ணும்?”

மறுபடியும் புதர். ஒன்பதாம் நாள் குருவி நேராகக்கூடப் பார்த்துவிட்டது. காது மட்டும் முளைக்கவில்லை. மிச்சம் ஒரே நாள். மனுஷன் தச்சு வேலை செய்யும் மச்சானிடம் போய் நின்றார். மச்சான் மரத்தில் ஒரு குருவி செதுக்கி, வர்ணம் பூசி, காது இரண்டையும் கொஞ்சம் தாராளமாகவே வைத்துக் கொடுத்தார். கிளையில் ஆணியடித்து எடுத்த படம் அன்றே ஒப்புதலானது. இப்போதுதான் குருவி மாதிரி இருக்கிறது என்று தலைமை எழுத்தர் மெச்சினார். நியமன ஆணையும் கைக்கு வந்தது.

ஊரெங்கும் அந்தப் படம் சுவரொட்டியானது. மறு வருடம் மரத்தடியில் திருவிழாக் கூட்டம். மரக்குருவியைப் படம் பிடிக்க ஆளுக்கொரு கைபேசியோடு வரிசையில் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து நிஜக் குருவி வந்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்து பாடத் தொடங்கியது.

“இதுக்குக் காதே இல்லப்பா, போலி,” என்றாள் ஒரு சிறுமி.

அவள் அப்பா புகைப்படக்காரரிடம் திரும்பினார். “அண்ணே, நீங்க துறை ஆளுதானே? படத்துல விழுது. கொஞ்சம் விரட்டி விடுங்க.”

புகைப்படக்காரர் அண்ணாந்து பார்த்தார். குருவியும் தெரிந்தவரைப் பார்ப்பது போல நேராகப் பார்த்தது. அவர் கழுத்தில் புது அடையாள அட்டை தொங்கியது. அதில் அவருக்கு இரண்டு காதும் பளிச்சென்று தெரிந்தன.

அவர் கையைத் தட்டினார்.