தொட்டி நிறைந்த நாள்

இரண்டு குடம் ஊற்றியும் தொட்டியின் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

ஓவர்சியர் குனிந்து குழாயின் வாயைப் பார்த்தார். வறட்சி நிவாரணம் என்று அரசாங்கம் தெருவுக்கு ஒன்றாக வைத்த கறுப்புத் தொட்டி அது. வைத்த நாள் முதல் அதற்குள் போனது காற்றும் ஒரு பல்லியும்தான். அதைப் பார்வையிட இன்னும் சற்று நேரத்தில் சிறப்பு அதிகாரி வருகிறார். தொட்டியை நிரப்ப வேண்டிய லாரியோ வழியில் அச்சு முறிந்து நிற்கிறது.

"ஏங்க, குடிக்க வெச்சிருந்த தண்ணியைக் கொண்டாந்து இதுல ஊத்திட்டீங்களே!" என்றாள் மனைவி. அவர்கள் வீடும் அதே தெருவில்தான். ஊருக்கெல்லாம் தண்ணீர் அனுப்புகிறவர் வீட்டில் அன்று இருந்ததே அந்த இரண்டு குடம்தான்.

"சும்மா இரு. வெறும் தொட்டியைக் காட்டினா அவர் என் சீட்டைக் கிழிச்சிடுவார். குழாயைத் திறந்தா நாலு சொட்டாவது வரணும்."

"அப்புறம் ஏன் வரல?"

காரணம் அவருக்குத் தெரியும். அடியில் தங்கும் கசடு குழாயில் வரக் கூடாதென்று, அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் குழாயை வைக்கச் சொன்ன மகானுபாவரே அவர்தான். அந்த யோசனைக்காக அலுவலகத்தில் கைதட்டல்கூட வாங்கினார். இப்போது அந்த ஒரு சாண் நிறைந்தால்தான் முதல் சொட்டு வெளியே எட்டிப் பார்க்கும்.

தொட்டியைக் குழாய்ப் பக்கம் சாய்த்தால் என்ன? பின்னால் இரண்டு செங்கல்லைச் செருகினார். தொட்டி சாய்ந்தது, கூடவே குழாய் பொருத்திய இடமும் விட்டுக்கொண்டது. இரண்டு குடம் தண்ணீரும் அவர் சட்டை மேல் பீச்சியடித்துவிட்டு மண்ணுக்குள் போனது.

மனைவி காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஓவர்சியர் செங்கல்லை உருவித் தொட்டியை நிமிர்த்தினார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா கந்தல் துணியோடு ஓடி வந்து இடுக்கில் அடைத்தாள். "ஒழுகல் நின்னுடுச்சு தம்பி. ஊத்தறதுக்கு எங்க போவீங்க?"

ஓவர்சியர் அவளையே பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

"அக்கா, வீட்டுக்கு ஒரு குடம். சும்மா காட்டறதுக்குத்தான். அதிகாரி தலை மறைஞ்சதும் அப்படியே திருப்பிக் குடுத்துடறேன்."

"எங்கிட்ட இருக்கறதே ஒரு குடம்தான். பேத்திக்குப் பால் கரைக்கணுமே..."

"நம்ம தெரு மானம் அக்கா!"

அவர் சொன்னது தன் மானத்தைத்தான். அது அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்ற வீடுகளும் வந்தன. ஒரு சாண் நிறைந்ததும் ஓவர்சியர் நிறுத்தியிருக்கலாம். பயம் விடவில்லை. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று வாங்கி ஊற்றி, விளிம்பு தட்டிய பிறகுதான் ஓய்ந்தார். தெருவில் ஒரு வீட்டிலும் மிச்சம் வைக்கவில்லை.

ஜீப் வந்தது. அதன் பின்னாலேயே, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ஒரு பெரிய போர் வண்டியும் வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. ஓவர்சியருக்கு ரத்தம் கொதித்தது.

"யாருப்பா நீ? எந்தப் பணக்காரன் வீட்டுக்குப் போர் போடப் போறே? பெரிய அதிகாரி வந்திருக்கார், வண்டியை எடு!"

போர் வண்டிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஓவர்சியர் காதில் வாங்காமல் கையை ஆட்டி ஆட்டி அவரை மெயின் ரோட்டுக்கே விரட்டிவிட்டு ஓடி வந்தார்.

அதிகாரி தொட்டியைத் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டி அவர் செருப்பை நனைத்தது. ஏனோ அவர் முகம் வாடிவிட்டது.

"நிறைஞ்சு இருக்கே?"

"எப்பவும் இப்படித்தான் சார்!"

அதிகாரி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "உங்களுக்கெல்லாம் தண்ணி போதுமா இருக்கா? தைரியமாச் சொல்லுங்க."

தையல்காரம்மா ஓரடி முன்னே வந்தாள். ஓவர்சியர் அவளுக்கு மட்டும் தெரியும்படி கையெடுத்துக் கும்பிட்டார். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள், அவருடைய ஈரச் சட்டையைப் பார்த்தாள்.

"போதும்ங்க" என்றாள்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். ஜீப் சூடேறி நின்றுவிட்டதால் அடுத்த தெருவுக்கு நடந்தே போனார்.

அவர் தலை மறைந்தது. "குடத்தை எடுத்துட்டு வாங்க!" என்று ஓவர்சியர் கத்தினார். அதற்குள், நிறைந்த தொட்டியின் அழுத்தம் தாங்காமல் கந்தல் துணி பிய்த்துக்கொண்டு பறந்தது. எல்லோரும் முண்டியடித்தார்கள். கைக்குக் கிடைத்தது பாதி, மண்ணுக்குப் போனது பாதி. தையல்காரம்மா குடத்தை நீட்டியபோது தண்ணீர் நின்றுவிட்டது. மிச்சம் இருந்தது, குழாய்க்குக் கீழே கசடோடு கிடந்த அந்த ஒரு சாண்தான்.

எதிர்வீட்டில் குழந்தை அழ ஆரம்பித்தது.

"லாரி வந்ததும் முதல் குடம் உங்களுக்குத்தான் அக்கா" என்றார் ஓவர்சியர். அச்சு முறிந்த லாரி எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

"சரி தம்பி" என்றாள் அவள். கோபமே இல்லாமல் சொன்னாள். அந்த 'போதும்ங்க'வைத் திருப்பி வாங்க முடிந்தால் வேலையே போனாலும் பரவாயில்லை என்று ஓவர்சியருக்கு அப்போதுதான் தோன்றியது. காலையில் தோன்றியிருக்க வேண்டும்.

ஜீப் ஓட்டுநர் ஒரு வாளியோடு வந்தார். "சார், எஞ்சினுக்கு ஊத்தக் கொஞ்சம் தண்ணி வேணும். கசடா இருந்தாலும் பரவால்ல."

தொட்டியின் மூடியைக் காட்டிவிட்டு ஓவர்சியர் கேட்டார். "ஏம்ப்பா, தொட்டி நிறையத் தண்ணி காட்டியும் ஐயா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறாரே, அப்படி என்ன குறை கண்டாரு?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல சார். நீங்க விரட்டி விட்டீங்களே போர் வண்டி, அது எங்ககூட வந்ததுதான். தொட்டி காலியா இருக்கற தெருவாப் பார்த்து இன்னிக்கே போர் போட்டுக் குடுத்துடணும்னு ஐயா காலையிலேருந்து அலையறாரு, ஆனா எங்க போனாலும் தொட்டி நிறைஞ்சுல்ல இருக்கு!"