'போட்டு வாறன்' சொல்லாத நிரல்

"பிள்ளை, உமக்கு உந்தப் பாரமான வேலை சரிவராது. வெப்சைட்டைப் பாரும்," என்றார் எங்கள் பொறுப்பாளர். வீட்டில் முதன்முதலாகப் படித்துப் பட்டம் வாங்கியவளிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது.

அந்த வேலைக்கு எனக்குப் போட்டி கசவாரம் அண்ணை. கசவாரம் என்றால் கஞ்சன்; நாங்கள் வைத்த பட்டப்பெயர். யாழ்ப்பாணத்தில் அவரைவிடப் பெரிய கஞ்சர் பிறந்ததில்லை. காசில் அல்ல, சொல்லில்.

"சாப்பிட்டீங்களோ, அண்ணை?"

"ஓம்."

"என்ன கறி?"

"ஓம்."

மாலையில் 'போட்டு வாறன்' என்றுகூடச் சொல்லாமல் போய்விடுவார். கதிரை வெறுமையாகக் கிடந்தால் ஐந்து மணி என்று நாங்கள் அறிந்துகொள்வோம்.

மயிலிட்டியில் மீன் வைக்கும் ஐஸ் அறைகளைக் கண்காணிக்கும் மென்பொருள் எங்களுடையது. கையளவு கணினி ஒன்றில் அதை ஓட வைப்பதுதான் அந்தப் பாரமான வேலை. அதன் ஒவ்வொரு பகுதியையும் 'கன்டெய்னர்' எனும் தனி மென்பொருள் கொள்கலனில் அடைத்து, மற்றவற்றோடு பேசக் கொள்கலனுக்கு ஒரு காவல் நிரல் வைத்திருந்தோம். காவல்காரரே நினைவகத்தைத் தின்று தீர்த்தார்கள். கணினி அசையவில்லை. அசைய வைப்பவருக்கே குழுவின் தலைமை என்றார் பொறுப்பாளர்.

நான் மென்பொருளைச் செதுக்கி எலும்பும் தோலுமாக்கினேன். பயனில்லை. அப்போதுதான் அண்ணை தன் வாழ்நாளின் மிக நீளமான வசனத்தைச் சொன்னார்.

"ஒரு வீட்டுக்குள்ளை இருக்கிற ரெண்டு பேர் கதைக்கிறதுக்கு, கனடாவுக்குக் கோல் எடுக்கிற மாதிரி ஏன் இவ்வளவு ஆரவாரம்?"

தொலைதூரக் கணினிகள் தமக்குள் பேசுவதற்கான கனத்த நெறிமுறையில்தான் காவல் நிரல்கள் பேசிக்கொண்டிருந்தன. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, நாலு சொல்லில் முடியும் மெல்லிய நெறிமுறையை வைத்தார். கணினி ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வயிற்றெரிச்சலில் மத்தியானச் சோறு இறங்கவில்லை.

சில நாளில் நினைவகம் மறுபடி நிரம்பியது. எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். தோண்டித் துருவிக் காரணத்தைப் பிடித்தேன்.

"அண்ணை, உங்கடை புரோகிராம் கதைச்சு முடிச்சிட்டுப் போட்டு வாறன் எண்டு சொல்லுறேல்லை. மற்றப் புரோகிராம், ஆள் இன்னும் இருக்கிறார் எண்டு நினைச்சு வாசலிலையே காத்துக்கொண்டு நிக்குது. ஆரைப் பாத்துப் பழகினதோ தெரியேல்லை."

அவர் காது சிவந்தது. "ஓம், பிள்ளை," என்றார். அவர் கணக்கில் அது ஒரு மேடைப்பேச்சு.

விடைபெறும் சொல்லை நானே எழுதிச் சேர்த்தேன். கணினி இன்றுவரை நிற்கவில்லை. நேற்றுப் பொறுப்பாளரின் அறைக்குள் போனேன்.

"தலைமை எனக்கு வேணும், சேர். அண்ணையை வேறை குழு கேட்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. அவரை நான் ஒருத்தருக்கும் விடமாட்டன்."