குண்டு பல்பும் என் பேஸ் கிட்டாரும்

கரண்டை வைத்தே பிழைத்துக்கொண்டு, கரண்டைத் துளியும் நம்பாத ஒரே மனிதர் திருமயம் குண்டு பல்பு. ஆள் ஒல்லி. ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக்.

எந்தச் சாமானையும் நேராகப் பிளக்கில் செருக மாட்டார். நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்துத்தான் கரண்ட் கொடுப்பார். சாமானுக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும். இல்லையென்றால் மங்கும். எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். சோதித்ததும் கழற்றிவிடுவார்கள். இவருக்குக் கழற்ற மனசு வராது.

அவர் வீட்டு மிக்ஸிக்கும் பல்பு உண்டு. போட்டால் பல்பு எரியும், மிக்ஸி முனகும். அவர் மனைவி அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். மிக்ஸி இருக்கிறதே என்று கேட்டேன்.

"அது இன்னும் டெஸ்டிங்லதான் இருக்கு தம்பி. எங்க கல்யாணத்துக்கு வந்தது."

நான் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். கீரனூரில் கோயில் கச்சேரி. அன்று காலையில் என் ஆம்ப் போய்விட்டது. போட்ட ஃபியூஸ் எல்லாம் போனது. ஆர்கெஸ்ட்ரா முதலாளிதான் எங்களுக்குக் கீபோர்டும் வாசிப்பவர்.

"பேஸ் எதுக்குப்பா? என் எடது கை சும்மாதானே கெடக்கு, கீபோர்டுலயே வாசிச்சுக்கிறேன்," என்றார்.

சாயங்காலத்துக்குள் ஆம்ப் பேசாவிட்டால் எனக்கு வேலை இல்லை.

திருமயத்துக்குத் தூக்கிப் போனேன். பல்பு பளீரென்று எரிந்தது. ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கும் பெரிய டிரான்சிஸ்டர் இரண்டு செத்திருந்தன. மாற்றினார். பல்பு ஒரு தடவை மின்னி மங்கியது.

"கழட்டுங்கண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"மங்குனா போதுமா? கொணம் தெரிய வேணாமா? நானும் வாரேன்."

பல்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

மேடையிலும் பல்பைக் கோத்துத்தான் ஆம்புக்குக் கரண்ட் கொடுத்தார். கிட்டார் கம்பியைத் தட்டினேன். பல்பு பளிச். தட்டும்போதெல்லாம் பளிச். கனத்த சத்தத்துக்கு ஆம்ப் கரண்டை இழுத்தது, பல்பு எரிந்தது, அவ்வளவுதான். கூட்டத்துக்கு அது தெரியாது. பாடகியை விட்டுவிட்டுப் பல்பைப் பார்த்தார்கள். அப்புறம் பல்பை எரிய வைக்கிறவனைப் பார்த்தார்கள். இத்தனை வருசத்தில் என்னை யாரும் பார்த்ததில்லை. முதலாளி கீபோர்டில் இடது கையால் நாலு கட்டை அழுத்திப் பார்த்தார். பல்பு எரியவில்லை.

இறங்கியதும் விழாக் கமிட்டிக்காரர் முதலாளியிடம் வந்தார்.

"அடுத்த வருசமும் அந்தப் பல்பு கிட்டாரக் கூட்டிட்டு வந்துருங்க."

முதலாளி தலையாட்டினார். என் வேலை தப்பியது.

அதிலிருந்து எல்லாக் கச்சேரிக்கும் குண்டு பல்பு வருகிறார். மேடை ஓரத்தில் குந்தி, பல்பையே பார்க்கிறார். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்கிறார்.

ஆம்ப் எப்போதோ சரியாகிவிட்டது. நான் அவரிடம் சொல்வதில்லை. பல்பைக் கழற்றிவிட்டால் அவர் வரமாட்டார்.