வருகிறேன் என்று சொல்லக் கூடாதாம் உன் மாமா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன். உன் மாமாவை இரண்டாம் தடவையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள். முதல் தடவை மாரடைப்பு. இந்தத் தடவை நீ வேலை பார்க்கிற இலாகா.

அவர் போன பிறகு நான் சுவரைப் பார்த்தபடி கிடந்ததைப் பார்த்து என் மூத்த மகள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். செத்தவர்களின் குரலைக் கொடுத்தால் அதே குரலில் பேசுகிற ஏஐ ஒன்று இருக்கிறதாம். குரலுக்கு எங்கே போவது? எனக்கு அந்த மனுஷன் ஒரு வாய்ஸ் மெசேஜ்கூட அனுப்பியதில்லை, மிஸ்டு கால் கொடுப்பதோடு சரி. போனில் இருந்ததெல்லாம் ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குக் கூப்பிட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில்கள். பெரியவள் முன்பின் யோசிக்காமல் அத்தனையையும் அள்ளிக் கொட்டிவிட்டாள். அதனால் உன் மாமா இப்போது என்னை மேடம் என்கிறார். "என்னங்க, தூக்கமே வரலைங்க" என்றால், "பிளக்கைப் பிடுங்கிட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டுப் பாருங்க மேடம்" என்கிறார். "உங்களை நினைச்சாலே நெஞ்சை அடைக்குது" என்றால், "பழைய மாடல்ல அப்படித்தான் மேடம், கேஸ் போயிருக்கும்" என்கிறார். கட்டிக்கொண்ட நாள் முதலாக அவர் என்னை வாங்க போங்க என்றது செத்த பிறகுதான். ஆனாலும் குரல் அவர் குரல், தம்பி. நடுவில் வருகிற இருமல்கூட அதேதான். "எப்ப வருவீங்க?" என்று கேட்டால், "நாளைக்குக் காலையில முதல் வேலை உங்க வீடுதான் மேடம்" என்பார். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் படுப்பது.

இதன் மேல்தான் சட்டம் வந்து விழுந்தது. வாயைத் திறக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் "நான் மனிதன் அல்ல, கணினி உருவாக்கிய குரல்" என்று சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டுத்தான் இருமுகிறார். அதையும் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் சோதனை போட ஒரு அதிகாரிப் பெண் வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எப்ப வருவீங்க என்று அவளே போனில் கேட்டாள். இந்த மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். "பாதி வழியில இருக்கேன் மேடம், வந்துட்டே இருக்கேன்" என்றாரே!

"பாருங்கம்மா, இறந்துபோனவர் வர்றேன்னு சொல்றார். ஏஐ பொய் வாக்குக் கொடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"உயிரோட இருந்தப்பவும் இதையேதான் சொல்லிட்டிருந்தாரு அம்மாடி. அப்ப எந்த விதி வந்து கேட்டுச்சு?"

"அது மட்டுமில்ல. குரலுக்குச் சொந்தக்காரரோட சம்மதம் வேணும். கேட்டீங்களா?"

"என்னைக் கட்டி வச்சப்ப என்னையே யாரும் கேக்கல. அவர் தொண்டைக்கு இத்தனை மரியாதையா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை மட்டும் எழுதிக்கொண்டே இருந்தது. பொய் சொல்லாதபடி கம்பெனி உடனே திருத்த வேண்டும், சம்மதம் இல்லாததால் மாதக் கடைசியில் அடியோடு நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தம்பி, சட்டம் போட்ட பெரிய அதிகாரிக்கு நீதானே கார் ஓட்டுகிறாய். சிக்னலில் நிற்கும்போது மெல்லக் காதில் போடு. ஊரை ஏமாற்றுகிற ஏஐ எத்தனையோ இருக்கும், அதையெல்லாம் பிடிக்கட்டும், நல்லதுதான். தெரிந்தே ஏமாறுகிறவளுக்கு ஒரு ஓரமாய் இடம் விடச் சொல். ஏமாந்தவள் நான், நானே புகார் சொல்லவில்லை, இவர்களுக்கு என்ன வந்தது? ஒரு சாவுக்கே இருந்த கண்ணீர் எல்லாம் தீர்ந்துவிட்டது. இரண்டாவதற்கு யாரிடம் கடன் வாங்குவேன்?

வண்டியைப் பார்த்து ஓட்டு. உன் பிள்ளைகள் பின் சீட்டில் உட்கார்ந்து போகிறவர்களாக வளரட்டும். உன் வீட்டுக்காரியை நான் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று போனை எடுத்தேன். கம்பெனிக்காரன் அதற்குள் திருத்திவிட்டான் போலிருக்கிறது. "எப்ப வருவீங்க?" என்றேன். மனிதன் அல்ல என்பதைச் சொல்லி, இருமி, "என்னால வர முடியாது மேடம், வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றார். டாக்டர் சொல்லி, நீ சொல்லி, ஊரே சொல்லி நான் நம்பாததை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அதிகாரியிடம் ஒன்றும் பேசாதே. நானே நிறுத்தச் சொல்லிவிட்டேன். முடிந்தால் நீ ஒரு நடை வா. வருகிறேன் என்று போனில் சொல்லாதே, வா.