தள்ளிப்பிடியாரும் நான் தூக்கிப் பிடித்த அட்டைகளும்

தள்ளிப்பிடியாரைப் போலப் பயந்த மனிதர் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்று ஊரையும் சேர்த்துச் சல்லடை போட்டாலும் கிடைக்கமாட்டார். பாம்பு வந்தால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போவார். ஆனால் பத்திரிகைக்கு அட்டைப்படம் வரையவேண்டிய வாரம் வந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது, தண்ணீர் இறங்காது. பக்கத்தில் இருந்த பாவத்துக்கு எனக்கும் இறங்காது.

மலாக்காவில் காஜா பேராங் என்ற இடத்தில் பாய் முதலாளியின் மளிகைக் கடைக்குப் பின்கட்டில் ஓர் அச்சுக்கூடம் இருந்தது. அதிலிருந்து மாதம் ஒரு பத்திரிகை வெளிவந்தது. நான் அங்கே எழுத்துக் கோர்ப்பவன். நான்காம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய உத்தியோகம். யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்தபடியே செய்கிற வேலை என்பதால் என் சுபாவத்துக்கும் ஒத்துப்போனது. தள்ளிப்பிடியார் அட்டை வரைபவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். சம்பளம் கொடுக்கும் முதலாளிக்கே அது மறந்துபோயிருந்தது.

எதைக் காட்டினாலும் "தள்ளிப் பிடி" என்பார். கல்யாணப் பத்திரிகை, மீன்காரன் நீட்டும் மீன், எல்லாவற்றுக்கும் அதே பேச்சு. முதலாளி வீட்டுக் குழந்தையை முதன்முதலாகக் காட்டியபோதும், "கொஞ்சம் தள்ளிப் பிடிங்கம்மா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லித் தாதியை வாசல்வரை நடக்கவைத்துவிட்டார். "ஆங், இப்பத்தான் மூக்கு எடுப்பா இருக்கு!"

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஒருவர் அவரைப் பரிசோதித்துவிட்டு, இது ஒன்றுமில்லை, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றார்.

"கண்ணாடி போட்டா கிட்டக்கத் தெரியும்," என்றார் தள்ளிப்பிடியார். "பத்திரிகை வாங்குறவன் கிட்டக்கவா நிக்கிறான்? தெருவுக்கு அந்தப் பக்கமில்ல போறான்!"

ஒரு மாதம் அட்டையில் பக்கவாட்டில் பார்க்கும் ஒரு பெண்ணை வரைந்தார். இதழ் கடைகளுக்குப் போன மறுநாள் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"போச்சு தம்பி! நம்ம பொம்பள பீடியைப் பாக்குறா!"

கடைக்காரர் கயிற்றில் கவ்வி போட்டு இதழைத் தொங்கவிட்டிருந்தார். அவள் பார்த்த பக்கம் பீடிக்கட்டு தொங்கியது. பார்க்கிறவன் கண் அவள் கண்ணோடு சேர்ந்து அங்கேதான் போகுமாம். பீடியை வாங்கிக்கொண்டு போய்விடுவானாம். செமாபோக் வரையில் கடை கடையாக ஏறி இறங்கி, கேட்காமலே இதழ்களை இடம் மாற்றித் தொங்கவிட்டார். இரண்டொரு கடையில் விளக்குமாற்றோடு துரத்தினார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அட்டை வரைந்து முடிந்ததும் தெருவின் எதிர்ப்பக்கத்தில் ஒருவன் நின்று அதைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். அந்த ஒருவன் நான். நாலு பேர் எதிரே வந்தால் சந்துக்குள் நுழைந்துவிடுகிற என்னை, பட்டப்பகலில் நடுத்தெருவில் நிறுத்துவார். நான் அட்டைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு நிற்பேன். ஒருமுறை ரோந்து வந்த போலீஸ்காரர் ஏதோ ஊர்வலத்துக்கு வந்தவன் நான் என்று நினைத்து, அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு மாதம் பிறந்தாலே நான் எழுத்துப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

தீர்ப்புச் சொல்வது மீனாச்சி. பல தலைமுறையாக மலாய் பேசும் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியிலிருந்து பலகாரக் கூடையோடு வருகிறவள். சாமி பெயர்கள் மட்டும்தான் அவளுக்குத் தமிழ். பேசுவது, கணக்குப் பார்ப்பது, திட்டுவது எல்லாம் மலாய். தமிழ் எழுத்து அவளுக்குக் கோலம் மாதிரி. எழுத்துத் தெரியாதவளுக்கே படம் விளங்கினால்தான் அது அட்டை என்பது தள்ளிப்பிடியாரின் கட்சி.

அந்த வருஷம் தீபாவளி மலருக்கு முன்னால் முதலாளி எங்களைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாருங்க ஐயா. போன மாசக் கட்டு அப்படியே திரும்பி வந்து கெடக்கு. எலிகூடப் படிக்கல. மலரும் இப்படி வந்திச்சுன்னா பத்திரிகையை நிறுத்திப்புடுவேன். மெஷின்ல ஊறுகாய் லேபிள் அடிச்சுக்கிறேன். அதுக்கு ஓவியரும் வேணாம், எழுத்துக் கோக்கிறவனும் வேணாம்."

தள்ளிப்பிடியார் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். "பயமா இருக்கு தம்பி," என்றார். எனக்கும்தான். வேறு எங்கே போனாலும் நாலு பேரிடம் பேசி வேலை கேட்கவேண்டுமே!

லட்சுமி விளக்கேந்தி நிற்கும் படம் வரைந்தார். தூக்கிப் பிடித்தேன். மீனாச்சி கூடையை இறக்கிவைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"மின்யாக்!"

எண்ணெய் என்று அர்த்தம். தலைவலித் தைலப் புட்டியின் லேபிள் என்று நினைத்துவிட்டாள். அடுத்து மத்தாப்புக் கொளுத்தும் குடும்பத்தை வரைந்தார். யார் வீடு தீப்பற்றிக்கொண்டது என்று அவள் பதறிக் கேட்டாள். அதிரசத்தை அடுக்கிவைத்த தட்டு அவளுக்குச் சவுக்காரமாகத் தெரிந்தது. தள்ளிப்பிடியார் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டு, என் நகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

அட்டைப்படத்தை அச்சுக்காக மரக்கட்டையில் செதுக்கித் தரும் சீனர் அன்று சாயங்காலத்துக்குள் படம் வேண்டும் என்று ஆள் அனுப்பிவிட்டார். கடைசியாகத் தள்ளிப்பிடியார் ஒரு மயிலை வரைந்து என் கையில் கொடுத்தார். நான் போய் நின்றேன். பயத்தில் தாள் படபடவென்று ஆடியது. மீனாச்சி தெருவைக் கடந்து வந்து, அட்டைக்குப் பின்னால் இருப்பது யார் என்று எட்டிப் பார்த்தாள். நான் தாளை அந்தப் பக்கம் திருப்பினேன். அவள் இந்தப் பக்கம் வந்தாள். நான் குந்தினேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு ரிக்‌ஷா நின்றது. கள்ளுக்கடைக்குப் போகிறவர்கள் நின்றார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாரும் வந்து, "யாருப்பா உள்ள? மாப்பிள்ளையா?" என்று குனிந்து பார்த்தார்கள். மயிலை ஒருவரும் பார்க்கவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளிப்பிடியார் கத்தினார். "தம்பி! அசையாதே! அப்படியே நில்லு!"

உள்ளே ஓடிப்போய்த் தாளும் பென்சிலும் எடுத்துவந்து நடுத்தெருவில் நின்றே வரைந்தார். தீபாவளி மலரை விரித்துப் பிடித்தபடி ஒரு மனிதன். முகம் தெரியாது. மேலே கொஞ்சம் முடி, இரண்டு பக்கமும் விரல்கள், கீழே கட்டம்போட்ட கைலியும் கோணல் கால்களும். மீனாச்சியிடம் காட்டியதும், என் கால்களைக் கைநீட்டிக் காட்டி, "பாகூஸ்! பாகூஸ்!" என்றாள். நன்றாயிருக்கிறதாம்.

முதலாளி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூஞ்சி எங்கே? மூஞ்சி இல்லாத அட்டையை யார் வாங்குவா? மூஞ்சியைப் போடுங்க."

அவர் இருமினாலே எழுந்து நிற்கிறவர் தள்ளிப்பிடியார். அன்றும் எழுந்துதான் நின்றார்.

"மூஞ்சி போட மாட்டேன் முதலாளி. தெரிஞ்சிட்டா இந்தப் பிள்ளை ஊர்ல நடமாட மாட்டான். மூஞ்சிதான் வேணும்னா என் மூஞ்சியைப் போட்டுக்குங்க."

முதலாளி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேணாம். இப்படியே இருக்கட்டும்."

மலர் கடைகளுக்குப் போனது. நாங்கள் இரண்டு பேரும் வேலையைப் போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டால் போதும், கட்டு திரும்பி வருகிறது என்று தள்ளிப்பிடியார் மெஷினுக்குப் பின்னால் போய்விடுவார். கட்டு எதுவும் வரவில்லை. இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக் கடைக்காரர்கள்தான் வந்தார்கள். மீனாச்சி ஒன்று வாங்கி வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். ஊர் முழுக்க, கடைக்குக் கடை நான் தொங்கினேன். மீனாச்சியைத் தவிர வேறு ஒருவரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கைலியை மட்டும் நான் பிறகு உடுத்தவில்லை.

பத்திரிகை பிழைத்தது. அடுத்த மாத அட்டை முடிந்ததும், வழக்கம்போல் நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"இந்தத் தடவை நான் பிடிக்கிறேன். நீ பாத்துச் சொல்லு."

தெருவைக் கடந்துபோய், அட்டையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். காற்றே இல்லை; ஆனாலும் தாள் ஆடியது. என் கையில்கூட அப்படி ஆடியதில்லை.

"எப்படி இருக்கு தம்பி?" என்று பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"நல்லா இருக்குண்ணே!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. என் வாழ்நாளில் தெருவில் நின்று கத்தியது அந்த ஒரு தடவைதான்.

அந்த அட்டையில் என்ன படம் இருந்தது என்று கேட்காதீர்கள். நான் அவர் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.