ஓணான் உறுதி செய்த பெட்டி

ஒரு காட்டில், அங்கே கரண்ட் வந்து கொஞ்ச காலம் ஆன பிறகு, ஒரு கீரியும் ஒரு பாம்பும் நண்பர்களாக இருந்தன. காட்டுக்குக் கரண்ட் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். விலங்குகள் பேசும் என்பதை ஒத்துக்கொண்டுவிட்டுக் கரண்டுக்கு மட்டும் காரணம் கேட்பவர்களோடு எனக்கு ஒத்துவராது.

கீரியின் பெயர் மூக்கையா. பாம்பின் பெயர் சுருளாண்டி. இரண்டும் எப்படி நண்பர்களாயின என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. காட்டு பங்களாவைக் காலி செய்த யாரோ ஒரு டிவியையும் ஒரு பழைய கேம் பெட்டியையும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டும் சேர்ந்து அவற்றைச் சுருளாண்டியின் புற்றடிக்கு இழுத்து வந்தன. அதிலிருந்து ஆரம்பித்ததுதான் எல்லாம்.

பெட்டியில் ஒரே ஒரு ஆட்டம்தான் இருந்தது. இரண்டு மல்லர்கள் அடித்துக்கொள்ளும் ஆட்டம். சாயங்காலமானால் மூக்கையா வரும். திரையில் சுருளாண்டியின் மல்லனைப் பிடித்துக் கழுத்தைத் திருகும், தூக்கிப் போட்டு மிதிக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு கத்தும். எல்லாம் முடிந்ததும் அதற்கு மனசு லேசாகிவிடும். "வரட்டா மாப்ளே" என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் எலி எதையாவது பிடித்துத் தின்றுவிட்டு, வளைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

சுருளாண்டிக்கும் அந்த ஆட்டம் என்றால் உயிர். சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே உயிர். அந்தப் பெட்டி ஓடுகிற வரைக்கும்தான் தன் கழுத்து முழுசாக இருக்கும் என்று அதற்குத் தெரியும். தவிர, மல்லர்களில் பெரிய பெரிய கைகள் உள்ளவனைத்தான் அது எப்போதும் எடுக்கும். வால் நுனியால் பொத்தானை அமுக்கி, நாக்கால் ஆட்டக் குச்சியைத் தள்ளி, அந்தக் கைகளை வீசிப் பார்ப்பதில் அதற்கு ஒரு சந்தோஷம். இதைக் கேலி செய்யாதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

இப்படி இருக்கையில் ஒரு கம்பெனி ஒரு வீடியோ விட்டது.

வீடியோவில் ஒரு புதுப் பெட்டி. கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே ஆடலாம். வீட்டுக்கு வந்து ஒரு தாங்கியில் செருகினால் டிவியிலும் ஆடலாம். ஓரத்தில் பெயர் எழுதாத ஒரு சின்னப் பொத்தான். அவ்வளவுதான் காட்டினார்கள். எப்போது வரும், பழைய ஆட்டம் ஓடுமா, அந்தப் பொத்தான் எதற்கு, எதுவும் சொல்லவில்லை. 'விரைவில்' என்று ஒரு வார்த்தை வந்தது, திரை இருண்டது.

கம்பெனி வாயை மூடிக்கொண்டதும் காடு வாயைத் திறந்தது. திரை தன் காது அகலம் இருக்கும் என்றது யானை. தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று தவளை சத்தியம் செய்தது. பெட்டியின் தலையில் இருந்த துளைகளைப் பார்த்த முள்ளம்பன்றி, அவை முள் செருகி வைக்கத்தான் என்றது. வௌவாலுக்குத்தான் தாங்கவில்லை. "பறவையும் இல்ல, மிருகமும் இல்லன்னு எங்களை என்ன பேச்சுப் பேசுனீங்க! இப்ப ஒரு பெட்டி ரெண்டுங்கெட்டானா வந்தா மட்டும் ரெண்டும் உண்டுன்னு கொண்டாடுறீங்களா?" என்று தலைகீழாகத் தொங்கியபடியே ஒரு கண்டனக் கூட்டம் நடத்தியது. கூட்டத்துக்கு வௌவால்கள் மட்டும் வந்திருந்தன.

இந்தச் சமயத்தில்தான் காக்கை அங்கம்மா களத்தில் இறங்கியது. அங்கம்மா ஒரு சேனல் நடத்திக்கொண்டிருந்தது. அதுவரை யார் வீட்டில் என்ன சமையல் என்று போட்டுக் காலம் தள்ளிக்கொண்டிருந்த சேனல். காட்டின் எல்லையில் அந்தக் கம்பெனிக்கு ஒரு குடோன் இருந்தது. குடோனைச் சுற்றி ஒரு முள்வேலி. அந்த வேலியில் குடியிருந்தது ஓணான் உலகநாதன்.

இந்தக் கதையில் எல்லா விலங்கும் பேசும். உலகநாதன் மட்டும் பேசாது. வெயிலில் உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும். பேசாமல் இருந்ததாலும், குடோன் பக்கத்தில் இருந்ததாலும், அதற்கு எல்லாம் தெரியும் என்று காடு முடிவு செய்தது. பதவிக்கு வந்த பலரும் இந்த இரண்டு தகுதியில்தான் வந்திருக்கிறார்கள்.

"வணக்கம் மக்களே!" என்றது அங்கம்மா, கேமராவைப் பார்த்து. "நம்ம ரகசிய ஆளு குடோன்லயே இருக்காரு. அண்ணே, பெட்டி பொங்கலுக்குள்ள வந்துருமா?"

உலகநாதன் தலையை ஆட்டியது.

"பழைய ஆட்டமெல்லாம் இதுல ஓடுமா?"

ஆட்டியது.

"அந்தப் பேரில்லாத பொத்தானை அமுக்கினா, தூக்கத்துலகூட ஆடலாமாமே, நெசமா?"

உலகநாதன் மேல் ஒரு ஈ உட்கார்ந்தது. ஓணான் முன்னைவிட வேகமாகத் தலையை ஆட்டியது.

"பாத்தீங்களா மக்களே, அண்ணன் எவ்வளவு அழுத்தமா சொல்றாருன்னு!"

பொழுது சாய்வதற்குள் 'ஓணான் உறுதி' என்ற சொல் காட்டில் சத்தியத்துக்குச் சமமாகிவிட்டது.

பெருச்சாளி பேச்சிமுத்து பழைய சாமான் கடை வைத்திருந்தது. அது உடனே வாசலில் நின்று கூவ ஆரம்பித்தது. "பழசைக் குடுங்க, புதுசுக்கு உங்க பேரை முதல்ல போட்டுர்றேன். புதுசு வந்தப்புறம் பழசை எவனும் தொடமாட்டான். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

மூக்கையா ஓட்டமாகப் புற்றுக்கு ஓடி வந்தது. "மாப்ளே, நம்ம பெட்டியைக் குடுத்துருவோம்டா."

"வீடியோவை நல்லாப் பாத்தியா?" என்றது சுருளாண்டி. "கையில புடிச்சு ஆடுறாங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"எனக்கு எங்கடா கை?"

மூக்கையா இதை அதுவரை யோசித்ததே இல்லை. நண்பனைத் தலையிலிருந்து வால் வரை ஒரு தடவை பார்த்தது. "அட, ஆமாடா!" என்றது. பிறகு, "சரி வா, அண்ணன்கிட்டயே கேட்டுருவோம்" என்று வேலிக்குக் கூட்டிப் போனது.

"அண்ணே," என்றது சுருளாண்டி. "புதுப் பெட்டியில, கை இல்லாதவங்க ஆட முடியுமா?"

உலகநாதன் தலையை ஆட்டியது. பாம்புக்கு அழத் தெரிந்திருந்தால் அன்றைக்குச் சுருளாண்டி அழுதிருக்கும். இரண்டும் நேராகப் பேச்சிமுத்துவின் கடைக்குப் போய்ப் பெட்டியைக் கொடுத்தன. பேச்சிமுத்து முகர்ந்து பார்த்து, "குச்சி எல்லாம் விஷக்கறையா இருக்கு. போகுது, நம்ம பிள்ளைங்கதானே" என்று பெருந்தன்மையோடு வாங்கிக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம் பழக்கதோஷத்தில் மூக்கையா வந்தது. டிவி சும்மா நின்றது.

"என்ன பண்றது மாப்ளே?"

"பேசிக்கிட்டு இருப்போம்."

"என்னத்தைப் பேசுறது?"

இத்தனை காலத்தில் அவர்கள் அடித்துக்கொண்டார்களே தவிரப் பேசிக்கொண்டதில்லை. இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. கொஞ்ச நேரம் கழித்து மூக்கையா மெதுவாகச் சொன்னது, "மாப்ளே, உன் கழுத்து நல்லா வழவழன்னு இருக்குடா. இவ்வளவு நாளா நான் கவனிக்கவே இல்ல." சொல்லிவிட்டு வாயோரத்தைத் துடைத்துக்கொண்டது.

சுருளாண்டி கழுத்தைப் புற்றுக்குள் இழுத்துக்கொண்டது. பாம்புக்குக் கழுத்து எங்கே முடிகிறது என்று தெரியாது, அதனால் முழுக்க இழுத்துக்கொண்டது.

விடிந்ததும் அது தனியாக வேலிக்குப் போனது. பெட்டி எப்போது வரும் என்று சரியான தேதி கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்தது. எடுத்த எடுப்பில் காரியத்தைப் பேசினால் மரியாதையாக இருக்காதே என்று, "வெயில் ஜாஸ்தியோ அண்ணே?" என்றது. உலகநாதன் தலையாட்டியது. "மழை வரும்போல இருக்கே?" அதற்கும் ஆட்டியது. சுருளாண்டிக்கு லேசாக உறைத்தது. "அண்ணே, நான் பாம்பு. சரிதானே?" ஆட்டியது. "நான் கீரி. சரிதானே?" அதே தலையாட்டல்.

சுருளாண்டிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெட்டி வரும் தேதி யாருக்கும் தெரியாது. கை இல்லாதவர்கள் ஆட முடியுமா என்பதும் யாருக்கும் தெரியாது. பழைய பெட்டியும் போய்விட்டது. இந்த இடத்தில் வழக்கமான கதையாக இருந்தால், பாம்பு ஓடிப்போய் எல்லோரையும் கூட்டி உண்மையைச் சொல்லும், காடு திருந்தும். சுருளாண்டிக்குக் காட்டைத் திருத்துவதைவிடச் சாயங்காலத்தைத் தாண்டுவது முக்கியமாக இருந்தது.

அன்று மூக்கையா வந்து உட்கார்ந்து கழுத்தைப் பார்க்க ஆரம்பித்ததும், சுருளாண்டி தொண்டையைச் செருமியது.

"மாப்ளே, விஷயம் தெரியுமா? புதுப் பெட்டியில வாசனை வருமாம். ஆட்டத்துல மாம்பழம் தின்னா மாம்பழ வாசனையே வருமாம்."

மூக்கையா நிமிர்ந்தது. "யார் சொன்னா?"

"ஓணான் உறுதி."

"வாசனை எப்படிடா வரும்? உனக்கு மூளை இருக்கா?"

"ஏன் வராது? மேல துளை எதுக்கு இருக்கு?"

"அது சூடு வெளிய போறதுக்குடா முட்டாள்!"

மூக்கையா எழுந்து நின்று கத்தியது, மண்ணை உதைத்தது, சுருளாண்டியின் வம்சத்தையே இழுத்துப் பேசியது. கடைசியில் மூச்சு வாங்க உட்கார்ந்தது. முகத்தில் பழைய நிம்மதி வந்திருந்தது. "வரட்டா மாப்ளே" என்று கிளம்பிப் போனது.

அப்புறம் தினமும் ஒரு வதந்தி. பெட்டியை மடிக்கலாம் என்று ஒரு நாள். தேய்த்தால் சார்ஜ் ஏறும் என்று ஒரு நாள். அந்தப் பொத்தானைப் பற்றி மட்டுமே ஒரு வாரம் ஓடியது. பொங்கல் வந்தது, பெட்டி வரவில்லை. "தள்ளிப்போகும்னு அண்ணன் அப்பவே சொன்னாருல்ல?" என்று அங்கம்மா கேட்டது, உலகநாதன் ஆமோதித்தது. காடே பெட்டி சீக்கிரம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்க, சுருளாண்டி மட்டும் அது வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டது.

பெட்டி வந்துவிட்டது.

பேச்சிமுத்துவின் கடை வாசலில் வரிசை ஆற்றங்கரை வரை நின்றது. வரிசையில் இடித்துக்கொண்டதில் முள்ளம்பன்றியைத் தவிர எல்லோருக்கும் காயம். மூக்கையா பெட்டியை வாயில் கவ்விக்கொண்டு புற்றடிக்கு வந்தது. தாங்கியில் செருகியது. டிவியில் எழுத்து வந்தது: 'தொடங்க, உள்ளங்கையைத் திரையில் வைக்கவும்.'

மூக்கையா தன் முன்னங்காலை வைத்தது. பச்சை விளக்கு எரிந்தது. 'இரண்டாம் ஆட்டக்காரர் உள்ளங்கையை வைக்கவும்.'

சுருளாண்டி வாலை வைத்தது. 'இது கை அல்ல.' வயிற்றை வைத்தது. 'இது கை அல்ல.' கொஞ்சம் யோசித்துவிட்டு, படமெடுத்து, அந்தப் படத்தை அகலமாக விரித்துத் திரைமேல் மெல்ல வைத்தது. பார்க்க ஒரு கையைப் போலத்தான் இருந்தது. பெட்டி வெகு நேரம் சுற்றிச் சுற்றி யோசித்தது. 'இது கை அல்ல.'

மூக்கையா டிவியை அணைத்தது.

சுருளாண்டிக்கு இனி மறைக்க எதுவும் இருக்கவில்லை. "மாப்ளே, ஒண்ணு சொல்லிர்றேன், அப்புறம் நீ செய்ய வேண்டியதைச் செய். அந்த ஓணான் எதுக்கு வேணாலும் தலையாட்டும். எனக்கு அப்பவே தெரியும். நான் சொன்னது அத்தனையும் புளுகு. வாசனை, மடிக்கிறது, எல்லாம்." கழுத்தை நீட்டிக் கொடுத்தது. "சீக்கிரம் முடிச்சிருடா."

மூக்கையா அசையவில்லை. "எனக்கு உனக்கு முன்னாடியே தெரியும்," என்றது. "நான் சின்ன வயசுல ஓணான் தின்னு வளந்தவன். கடைசி வாய் வரைக்கும் தலையாட்டும்டா அது. புதுசு மேல இருந்த ஆசையில அன்னைக்கு அதை யோசிக்கல."

"தெரிஞ்சுமா தினமும் வந்து சண்டை போட்ட?"

"சண்டை போடலேன்னா பசிக்குது. பசிச்சா உன்னைத் தவிர வேற எதுவும் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. உன்னைத் தின்னுட்டேன்னு வையி, நாளைக்குச் சாயங்காலம் நான் எங்கடா போவேன்?"

இதைவிடப் பிரியமான பேச்சை நான் கேட்டதில்லை. சுருளாண்டியும் கேட்டதில்லை. அது நீட்டிய கழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு நண்பனைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கையா முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனால் அதன் வயிறு உறுமியது, அது இரண்டுக்கும் கேட்டது.

அந்நேரம் வேலிப் பக்கம் பெரிய சத்தம். இரண்டும் எழுந்து ஓடின.

காடே அங்கே திரண்டிருந்தது. பெயரில்லாத பொத்தானை எல்லோரும் அமுக்கிப் பார்த்திருந்தார்கள். அமுக்கினால் கம்பெனியின் கடை திறந்தது. அதில் பழைய ஆட்டங்கள் எல்லாம் புது விலைக்கு இருந்தன. தவளை தன் பெட்டியைக் குளத்தில் போட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தது.

"பொய்தானே சொன்ன?" என்று யானை பிளிறியது. உலகநாதன் தலையை ஆட்டியது. "உன்னை மிதிக்கலாமா?" அதற்கும் ஆட்டியது. "நீ நல்லவனா?" அதற்கும் ஆட்டியது. யானை தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது. இவ்வளவு ஒத்துப்போகிறவனை மிதிப்பது அதற்கு முறையாகப் படவில்லை.

சேனல் போய்விடுமே என்று பதறிய அங்கம்மா சட்டென்று பறந்து வந்து வேலியில் உட்கார்ந்தது. "அண்ணே, இதுக்கு அடுத்த பெட்டி ஒண்ணு வருதாமே?"

உலகநாதன் தலையை ஆட்டியது.

கூட்டம் அமைதியானது. யானை காலைக் கீழே வைத்தது. "அதுல திரை பெருசா?" என்று தணிந்த குரலில் கேட்டது.

மூக்கையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனது. எல்லோருக்கும் கேட்கும்படி, முக்கியமாகத் தன் வயிற்றுக்குக் கேட்கும்படி, சத்தமாகக் கேட்டது. "அண்ணே! அடுத்த பெட்டியில, கை இல்லாதவங்க ஆட முடியுமா?"

உலகநாதன் தலையை ஆட்டியது.

"பாத்தியா மாப்ளே!" என்றது மூக்கையா.

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்றது சுருளாண்டி.

இரண்டும் புற்றடிக்குத் திரும்பிப் புதுப் பெட்டியை எடுத்துக்கொண்டு, அடுத்ததுக்குப் பேர் போட்டு வைக்கப் பேச்சிமுத்துவின் கடைக்கு நடந்தன.

"அதை நாக்காலதான் ஆடணுமாம்," என்றது சுருளாண்டி.

"வாலாலடா. நாக்கால எவனாவது ஆடுவானா?"

"உனக்கு என்னடா தெரியும், நாலு காலு வச்சிருக்கிறவனுக்கு?"

கடை வாசல் போய்ச் சேரும்வரை கத்திக்கொண்டே போனார்கள்.

நீதி, அதைக் கேட்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்பவர்களுக்கு:

*நண்பனைத் தின்னாமல் இருக்க எல்லோருக்கும் ஒரு காரணம் தேவைப்படுகிறது. அந்தக் காரணம் கடைக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.*