பட்டறையும் இடைநின்ற தாசும்

ஒரு முழுப் பல்கலைக்கழகத்தைக் கடைசி மூச்சு வரை ‘பட்டறை’ என்றே கூப்பிட்ட மனிதர் இந்த பூமியில் ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயரும் பட்டறைதான்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. எங்கள் பல்கலைக்கழகம் தகரக் கொட்டகையில் நாலு லேத் மெஷினோடு தொழிற்பள்ளியாகப் பிறந்தது. பள்ளி பாலிடெக்னிக் ஆனது, பாலிடெக்னிக் கல்லூரியானது, கல்லூரி பல்கலைக்கழகமானது. அங்கேயே படித்து, அங்கேயே வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் தினம் வந்துகொண்டிருந்த பட்டறை மட்டும் எதுவாகவும் ஆகவில்லை.

துணைவேந்தர் அவருக்குப் ‘பெரிய மேஸ்திரி’. டாக்டர் பட்டம் வாங்கிய பெண் ஒருத்தி ஆசையாக ஸ்வீட் நீட்டினால், “இன்னா வேலை கத்துக்கினே?” என்பார்.

“பிஎச்.டி. முடிச்சிட்டேன் தாத்தா.”

“அது சர்தாம்மா, கைவேலை இன்னா?”

ஒரு ஆயுத பூஜைக்கு ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடி மேலேயே விபூதிப் பட்டை போட்டுவிட்டார். பூஜை முடிந்த கையோடு ஹால் டிக்கெட் நகலெடுத்தால், அத்தனை பேர் போட்டோவிலும் நெற்றியில் பளிச்சென்று மூன்று கோடு. கிறிஸ்துவப் பையன் ஒருவன் தன் முகத்தைத் தானே அடையாளம் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதிகாரிகள் குதித்தார்கள். பட்டறை அசையவில்லை.

“இன்னிக்கி ஒரு நாளாவது மெஷினைத் தூங்க வுடுங்க நைனான்னு நானுந்தான் வருசா வருசம் சொல்லிக்கினு கீறேன். எவன் கேக்கறான்?”

வயசான கிறுக்கு என்று சிரித்தோம். அந்தச் சிரிப்பு பொன்விழா வந்ததும் நின்றது.

விழாவுக்காகப் பல்கலைக்கழக வரலாறு தயாரானது. பதிப்புப் பிரிவில் மெய்ப்புத் திருத்துகிறவன் நான். தொழிற்பள்ளியில் படித்தவர்களில் உயிரோடு இருப்பவர் என்று பட்டறையையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குழுத் தலைவரான பேராசிரியர் கம்பீரமாக வாசித்தார்: “முதல் அணி மாணவர்களில் ஒருவர் மட்டுமே இடைநின்றார். மற்ற அனைவரும் தேர்ச்சி பெற்றனர்.”

பட்டறை எழுந்தார்.

“தாசு இடையில நிக்கல சார். மெஷின்தான் நிக்கல.”

யாருக்கும் புரியவில்லை. அவரே சொன்னார். ஏதோ அவசர ஆர்டர் என்று ஆயுத பூஜை அன்று பையன்களை வரவழைத்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த லேத்தின் பெல்ட்டில் தாசுவின் சட்டை மாட்டியது. “ஸ்விச்சு அந்தக் கோடியில இருந்துச்சு. நான் ஓடினேன் சார்.” அவர் ஸ்விச்சைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பரீட்சைக்கு வராதவன் இடைநின்றவன் என்று பள்ளி எழுதிக்கொண்டது.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. “மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்குங்க ஐயா. ஆனா பொன்விழா மலர்ல சாவு எதுக்கு? அந்த வரியையே எடுத்துடலாமே?”

“எடுத்துட்டா அவன் வந்ததே இல்லன்னு ஆய்டும் சார்.”

“அப்ப அப்படியே இருக்கட்டுமா?”

பட்டறை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். புத்தகம் அந்த வரியோடுதான் அச்சானது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

விழா மேடையில் தொழிற்பள்ளி மாணவருக்குப் பொன்னாடை என்றார்கள். பட்டறை தள்ளாடி ஏறினார். மைக் பிடித்த பெண் அவர் பெயரைக் கேட்டாள்.

“தாசு.”

“நம் முதல் அணி மாணவர் திரு. தாஸ் அவர்கள்!” என்று அவள் முழங்க, அரங்கமே கைதட்டியது. பேராசிரியர் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. இவர் தாஸ் இல்லை என்று சொன்னால், தாஸ் யார் என்று சொல்ல வேண்டுமே! அவரும் சேர்ந்து கைதட்டினார்.

கீழே இறங்கிய பட்டறை என் தோளைப் பிடித்தார். “வா நைனா, சிந்தாதிரிப்பேட்டை வரிக்கும் போய்ட்டு வந்துர்லாம்.”

அங்கே ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் தாசுவின் தங்கை இருந்தார். பல் போன கிழவி. பட்டறை பொன்னாடையை அவர் மடியில் வைத்தார்.

“உங்கண்ணனுக்கு யுனிவர்சிட்டில போட்டாங்கம்மா.”

யுனிவர்சிட்டி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அன்று ஒரு தடவைதான் கேட்டேன்.

கிழவி ஜரிகையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, “அப்போ அண்ணன் பாஸ் பண்ணிடுச்சா?” என்றார்.

பட்டறை சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பண்ட்டான்மா. ஃபஸ்ட் கிளாஸ்.”

பட்டறை போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஒரு பொய்க்காகவே அவரை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருக்கிறது.